நப்பண்ணனார் கண்ட திருப்பரங்குன்றம்

பரிபாடலின் 19 ஆம் பாடல் திருப்பரங்குன்றத்துச் செவ்வேளைப் பற்றியது. பாடியவர் நப்பண்ணனார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார், பண் காந்தாரம். குன்றத்தில் ஓவிய மண்டபம் இருந்ததற்கு இப்பாடல் சான்றாகக் காட்டப்படுகிறது. அத்துடன் நிறுத்திக்கொண்டால் புலவரின் நோக்கம் புலப்படாது.

ஓவியங்களின் வண்ணத்தையோ வரைந்த திறத்தையோ நப்பண்ணனார் விவரிப்பதில்லை. இரதி யார், காமன் யார் என்று சிலர் கேட்கின்றனர். தெரிந்தவர்கள் விடை சொல்கின்றனர். பூனை உருவில் இந்திரன், அகலிகை, சினந்த கௌதமர், அவள் கல்லான கதை ஆகியவற்றைச் சிலர் சுட்டிக்காட்டி விளக்குகின்றனர். படத்தைவிடப் படம் பார்க்கும் மக்களே அவர் கண்ணை ஈர்க்கின்றனர். குரங்குகளுக்குத் தின்பண்டமும் முசுக்களுக்குக் கரும்பும் கொடுப்போரையும் அவர் விட்டுவிடுவதில்லை.

சுற்றத்தைப் பிரிந்து பாறைகளிடையே வழிதவறிய சிறுமி ஒருத்தி கூவி அழைக்கிறாள். மலைக்குகை அக்குரலை எதிரொலிக்கிறது. தன்னவர்கள் அழைப்பதாக நம்பி அவள் அப்பக்கமே போகிறாள். பாண்டியன் தேவியரோடு கோயிலை வலம்வரும் பகுதி மரபான புகழ்ச்சி. இச்சிறுமியின் பகுதியே உயிருள்ளது.

திருமுருகாற்றுப்படையும் இக்குன்றிலிருந்தே தொடங்குகிறது. அங்கே நக்கீரர் அருள் தேடுவோனுக்கு வழிகாட்டுகிறார். நப்பண்ணனாரோ குன்றுக்கு வந்து சேர்ந்தவர்களைக் கவனிக்கிறார். அவர்களது வியப்பும் அறியாமையும் கடவுள் வாழ்த்தில் இடம்பெறத் தக்கவை என்பதே அவர் கொள்கை. மாணவர்கள் மண்டபச் செய்தியோடு அச்சிறுமியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.