டேலி ஆனால் போதுமா?

சின்னமனூரைத் தாண்டி ஓடைப்பட்டி சாலையில் திராட்சைப் பந்தல் கண்ணில் பட ஆரம்பித்தால், எங்க அக்கா வீடு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அக்கா அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை. போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். 2023-ல் ஒரு நாள் அவரிடம் வீட்டுச் சாவி வாங்குவதற்காகப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன்.

'இருடா தம்பி, இந்தப் புள்ளைய முடிச்சுட்டு வந்துர்றேன்' என்றார். கையில் செல்போன். எதிரே இரண்டாம் வகுப்புச் சிறுமி. திரையில் ஒரு மயில் படம், கீழே நான்கு சொற்கள். சரியான சொல்லைத் தொட வேண்டும். தொட்டாள். சரி!

அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கரும்பலகையில் 'மயில்' என்று எழுதினார். 'இதைப் படி தாயி.' சிறுமி முழித்தாள். 'இப்ப கரெக்டா தொட்டியே?' என்றதற்கு வந்த பதில்தான் இந்த வாரக் கட்டுரைக்குக் காரணம். 'ம மட்டும் தெரியும் டீச்சர். மத்ததுல எதுலயும் ம இல்ல.'

கெட்டிக்காரக் குட்டி! செல்போனில் பதிவானது 'சரி'. அக்கா தன் நோட்டில் எழுதிக்கொண்டது, 'ம தெரியும். யி சொல்லித் தரணும்.'

இரண்டும் மதிப்பீடுதான். எது பிள்ளைக்கு உதவும் என்று நினைக்கிறீர்கள்?

நான் படித்தது பி.காம். முதல் வருஷத்திலேயே ட்ரையல் பேலன்ஸ் போடச் சொல்லித் தருவார்கள். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆனால் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள்! உடனே வாத்தியார் அதில் தண்ணீர் ஊற்றுவார். டேலி ஆனதாலேயே கணக்கு சரி என்று ஆகிவிடாது. வாடகைக் கணக்கில் எழுத வேண்டியதை ரிப்பேர் கணக்கில் எழுதியிருந்தாலும் டேலி ஆகும். ஒரு பில்லை எழுதாமலே விட்டிருந்தாலும் டேலி ஆகும். அந்தச் சிறுமியின் மயில் அப்படி டேலி ஆன மயில்.

திட்டத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் அதன் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கொரோனாவால் பத்தொன்பது மாதம் பூட்டிக் கிடந்த தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ம் தேதி திறந்தன. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்காக 2022 ஜூனில் தமிழக அரசு கொண்டுவந்ததுதான் 'எண்ணும் எழுத்தும்'. ஔவையிடம் கடன் வாங்கிய பெயர். 2025-க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் பிழையில்லாமல் எழுதப் படிக்க, அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்தது. அடுத்த கல்வியாண்டில் 4, 5-க்கும் நீட்டித்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எந்த வகுப்பில் இருக்கிறாய் என்று கேட்காமல், எவ்வளவு தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம். கேவலம் இல்லை. அங்கிருந்து மொட்டுக்கு ஏற வேண்டும், அவ்வளவுதான். நல்ல யோசனை. 2007-ல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலின் ஏணிப்படி அட்டைகளிலும் இதே யோசனைதான் இருந்தது.

அப்புறம் என்ன பிரச்னை? அளந்ததை யாருக்குச் சொல்கிறோம் என்பதில்தான் பிரச்னை. வளரறி மதிப்பீடு என்று அழகான பெயர் வைத்தார்கள். பிள்ளை வளர வளர, ஆசிரியர் தெரிந்துகொள்வதற்கான மதிப்பீடு. அதைச் செயலியில் ஏற்றி மேலே அனுப்பச் சொன்னதும் அது அறிக்கை ஆகிவிட்டது. பதிவேற்றும் வேலை பாடம் நடத்தும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொன்னதில் நியாயம் இல்லையா? ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம் என்று வையுங்கள். வகுப்பில் 25 பிள்ளைகள். 250 நிமிஷம், அதாவது நாலு மணி நேரத்துக்கு மேல். ஒரு பிள்ளை திரையைத் தொடுகிறபோது மற்ற 24 பேர் என்ன செய்வார்கள்? நீங்களும் நானும் செய்ததைத்தான் செய்வார்கள்!

இன்னொன்று. எண்ணை வைத்து மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்துவிட்டால், எண் நல்லதாகவே வரும். ஆசிரியர்கள் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. கம்பெனிக் கணக்கிலும் இதே கதைதான். தனக்காக எழுதுகிற நோட்டில் நஷ்டத்தை மறைக்க மாட்டார் கடைக்காரர். பேங்க்குக்குக் காட்டும் கணக்கு என்றால் கொஞ்சம் பவுடர் பூசத் தோன்றும்.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையையும் பார்த்தோம். 2019 செப்டம்பரில் 5, 8-ம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று ஆணை வந்தது. முதல் மூன்று வருஷம் யாரையும் ஃபெயில் ஆக்க மாட்டோம் என்றார்கள். ஃபெயில் ஆக்காத தேர்வால் பயன் பயம் மட்டும்தான். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று தமிழ்நாடே கொதித்ததில், 2020 பிப்ரவரி 4-ம் தேதி ரத்தானது. நல்லவேளை.

அப்படியானால் அரசாங்கம் அளக்கவே கூடாதா? அளக்கத்தான் வேண்டும். கோடி கோடியாகச் செலவழிக்கிறோம், பிள்ளை படிக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2025 பிப்ரவரியில் 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு மாநில அளவிலான அடைவுத் தேர்வு நடந்ததும் அதற்காகத்தான்.

எப்படி அளப்பது என்பதை ஓடைப்பட்டியில் கற்றுக்கொள்ளலாம். அறுவடைக்கு முன்னால் வியாபாரி தோட்டத்துக்கு வருவார். இங்கே ஒரு கொத்து, அங்கே ஒரு கொத்து, நாலைந்து பழத்தை வாயில் போட்டுப் பார்த்து விலை சொல்வார். ஒவ்வொரு கொத்தாகக் கடித்துப் பார்க்க மாட்டார். தோட்டக்காரர் அப்படியில்லை. கவாத்து பண்ணிய நாளிலிருந்து ஒவ்வொரு கொடியையும் பார்ப்பார். எதற்குத் தண்ணீர், எதற்கு மருந்து என்று அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கை அவர் யாருக்கும் அனுப்புவதில்லை.

அரசாங்கம் வியாபாரி மாதிரி பார்க்கட்டும். வருஷத்துக்கு ஒரு முறை, சில பள்ளிகளில், சில பிள்ளைகளிடம், பெயர் குறிக்காமல், வெளியாட்களை வைத்து. மாவட்டத்தின் நிலவரம் தெரிய அது போதும். மிச்ச நாளெல்லாம் பார்ப்பது தோட்டக்காரரின் வேலை. அந்த வேலை ஆசிரியருடையது. அவர் கையில் போனுக்குப் பதில் ஒரு நோட்டும், பக்கத்தில் இன்னொரு ஆசிரியரும் இருந்தால் நல்லது.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய நோட்டுகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். எதையோ புரட்டியவர் சிரித்தபடி என்னிடம் நீட்டினார். 'ம தெரியும். யி சொல்லித் தரணும்' என்ற வரிக்குக் கீழே, பதினோரு நாள் கழித்து வேறு மையில் ஒரு வரி இருந்தது.

'மயில் படிச்சுட்டா.'

இந்த வரி எந்தச் செயலியிலும் இல்லை. அங்கேதான் அவள் பதினோரு நாளுக்கு முன்னாலேயே பாஸ் ஆகிவிட்டாளே!