உரோமாபுரிப் பரிசிலும் பிரெஞ்சுச் சிற்பமும்

கலைஞனுக்குப் பொருளுதவி செய்வது வேறு. அவன் கண்ணுக்குக் கட்டளையிடுவது வேறு. முன்னையது ஈகை, பின்னையது ஆட்சி. இவ்விரண்டும் ஒரே கையால் வழங்கப்படுமிடத்துக் கலைக்கு விளையும் நன்மை தீமைகளை ஆராய்வதற்குப் பிரான்சு நாட்டின் 'உரோமாபுரிப் பரிசில்' தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1663ஆம் ஆண்டில், இப்பரிசிற் போட்டி தொடங்கிற்று. 1666இல், அமைச்சர் கொல்பேரின் முயற்சியால், உரோமாபுரியிற் பிரெஞ்சுக் கலைக்கழகம் நிறுவப்பெற்றது. ஓவியர் அறுவர், சிற்பிகள் நால்வர், கட்டடக் கலைஞர் இருவர் எனப் பன்னிருவருக்கு அதன் முதல் விதிகள் இடமளித்தன. அரசன் செலவிற் பயின்ற சிற்பிகளின் தலையாய கடமை பழைய உரோமச் சிலைகளைப் பார்த்துப் படி எடுத்தலேயாம். அப்படிகள் வெர்சாய் அரண்மனைப் பூங்காவை அணிசெய்தன. தமிழ் இலக்கண நூலார் முதனூல், வழிநூல் எனப் பகுப்பர். அப்பகுப்பைச் சிற்பத்துக்கும் ஏற்றின், அரசு வேண்டியது வழிச்சிற்பமே எனலாம்.

எனினும், இப்பரிசிலால் விளைந்த நன்மை சிறிதன்று. வறிய குடியிற் பிறந்தோருக்கு அது திறந்த வாயிலாயிற்று. 1761இற் பரிசு பெற்ற ஊடோன் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளையல்லர். அவர் தந்தையார் கலைப்பள்ளியொன்றின் வாயிற்காவலர். உரோமாபுரியிலே அவர் சிலைகளைப் பார்த்ததோடு அமையாது, மனித உடலின் அமைப்பையும் அறுத்தாய்ந்து கற்றார். தோலுரித்த மனிதனைக் காட்டும் அவருடைய 1767ஆம் ஆண்டு உருவம் பின்னர்க் கலைப்பள்ளிகள் பலவற்றிற் பாடப்பொருளாயிற்று. ஊடோனுக்குப் பரிசில் தந்த பெருஞ்செல்வம் உரோமச் சிலையன்று. கவலையின்றிக் கற்பதற்கான காலம்.

1803இற் கலைக்கழகம் மெடிச்சி மாளிகைக்கு மாறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் போட்டியின் புகழ் வளர, அதன் இறுக்கமும் வளர்ந்தது. இறுதிப் போட்டியாளர் தனித்தனி அறைகளில் அடைக்கப்பட்டு, பழங்கதைகளிலிருந்தோ வேதாகமத்திலிருந்தோ தரப்பட்ட பொருளை உருவாக்கினர். தேர்வாளர் விரும்பும் அமைதியை முன்னரே அறிந்து செய்வோருக்கே வெற்றி எளிதாயிற்று.

இவ்விறுக்கத்தோடு பொருதவர் கார்ப்போ. கொத்தனார் ஒருவரின் மைந்தராகிய அவர் 1854இற் பரிசு வென்று உரோமாபுரி சென்றார். பசியால் மடியும் மக்கள் நடுவே விரலைக் கடித்திருக்கும் உகொலினோவைத் தாந்தேயின் காவியத்திலிருந்து எடுத்து அவர் வடித்தபோது, கலைக்கழகத் தலைவர் உடன்படவில்லை. விதிக்கு மாறாகப் பிறந்த அச்சிற்பமே இன்று பரிசிலின் பெருமைக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. விதி அவரைத் தடுத்தது; விதி கொடுத்த சோறும் கூரையும் அவரைக் காத்தன. இம்முரண்பாடு ஊன்றி நோக்கற்பாலது.

பரிசிலுக்குப் புறம்பே நின்றோரையும் நோக்குதல் வேண்டும். ரூடு 1812இற் பரிசு வென்றும், அதன் வழியே உரோமாபுரி செல்ல இயலாதவரானார். ஆயினும், பாரிசு நகர வெற்றி வளைவில் 1836ஆம் ஆண்டளவில் அவர் முடித்த வீரர் புறப்பாட்டுச் சிற்பம் பிரெஞ்சு மக்கள் நெஞ்சில் நிலைபெற்றது. ரொடினோ பாரிசுக் கலைப்பள்ளியின் நுழைவுத் தேர்விலேயே மும்முறை தோற்றவர். பின்னர்த் தம் சொந்தச் செலவில் இத்தாலி சென்று மைக்கலாஞ்சலோவின் படைப்புக்களைக் கண்டு, 1877இல் 'வெண்கல யுகம்' என்னும் சிலையைக் காட்சிக்கு வைத்தார். உயிருள்ள உடலில் அச்செடுத்ததோ என ஐயுறும் அளவுக்கு அது உயிர்ப்புடையதாயிருந்தது. ஆதலின், இத்தாலியப் பயணம் பயனற்றது எனக் கொள்ளுதல் தவறு. குறை பயணத்திலன்று, அப்பயணத்துக்கு உரியாரைத் தெரிந்த அளவுகோலிலேயே இருந்தது.

அவ்வளவுகோல் பெண்களை நெடுங்காலம் அளக்கவே மறுத்தது. 1864இற் பிறந்த கமீல் கிளோடல் தனியார் பள்ளியிற் பயின்றார். அரசுக் கலைப்பள்ளி 1897 வரை பெண்களுக்கு மூடப்பட்டிருந்தது. 1903இற் போட்டியும் அவர்களுக்குத் திறக்கப்பட்டது. 1911இல் லூசியென் ஊவல்மான் சிற்பத்துக்கான முதற்பரிசை வென்றார். அவ்வாறு வென்ற முதற் பெண் அவரே. இருநூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகளில் இழக்கப்பட்ட கைகள் எத்தனை என எண்ணுவார் யார்?

1968இல் அமைச்சர் மால்ரோ பழைய போட்டியை ஒழித்தார். மெடிச்சி மாளிகை மூடப்படவில்லை. வேறு முறையாற் தெரியப்படும் கலைஞர் அங்கு இன்றும் தங்கிப் பணிபுரிகின்றனர். போட்டி மறைந்தும் உறையுள் நிலைத்தமை இவ்வரலாறு தரும் தீர்ப்பாகும். கொடுப்போன் காலத்தையும் கல்லையும் கொடுக்கலாம்; கல்லிற் காண வேண்டிய உருவத்தைச் சிற்பியே கண்டுகொள்ளல் வேண்டும்.