லாடபுரத்து மோட்டாரை மெட்ராஸிலிருந்து போட்டேன்!

மேற்கு மாம்பலத்து மொட்டை மாடியில் நின்று செல்போனில் ஒரு நம்பரை அழுத்துகிறேன். பச்சைமலை அடிவாரத்தில், லாடபுரத்தில், எங்கள் கிணற்று மோட்டார் ஓடுகிறது! சித்தப்பா பதறிப்போய் போன் பண்ணுகிறார்: “டேய் தம்பி, மோட்டார் தானா ஓடுதுடா, யாருடா போட்டது?” “நான்தான் சித்தப்பா, இங்கேர்ந்து!” அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவே இல்லை. லிஃப்ட்காரரிடம்கூடச் சொன்னேன்.

லாடபுரத்தில் எங்களுக்கு இருப்பது பொங்கலுக்கும் பள்ளி லீவுக்கும் மட்டும் திறக்கிற ஓட்டு வீடு. அதில் நான் வைத்த முதல் கருவி மொபைல் ஸ்டார்ட்டர். பெட்டிக்குள்ளே ஒரு சிம் கார்டு, அவ்வளவுதான். கூப்பிட்டால் எடுத்துப் பேசும். மும்முனை வந்திருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, எல்லாம் சொல்லும். ஒரு பேஸ் போனாலும் நிறுத்திவிடும், கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுற்றினாலும் நிறுத்திவிடும். காயில் கருகிற பேச்சே இல்லை! ராத்திரி முறையில் கரண்ட் வந்தால் டார்ச்சும் கையுமாய், பூச்சி பொட்டுக்குப் பயந்து வரப்பில் போன மனுஷன் இப்போது கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி போடுகிறார். இது ஒன்றுக்கே கோயில் கட்டலாம் என்பேன்.

அப்புறம் எனக்குக் கை நிற்கவில்லை. சிம் போட்ட ரவுட்டரை பெரம்பலூர்ப் பக்கம் பார்த்த ஜன்னலில் வைத்தேன். கரண்ட் போனாலும் அது அணையாதிருக்கக் கூடவே ஒரு குட்டி யுபிஎஸ். இந்தச் சாமான்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் ஓடும், அந்த அலைதான் எங்கள் தடிச் சுவரையும் தாண்டிப் போகிறது. வாசல் விளக்கு பொழுது சாயும்போது தானே எரிகிறது. கீசருக்கு 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக். 2,000 வாட் இழுக்கிற சாமானுக்குச் சின்ன பிளக் தாங்காது, அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

நினைத்துப் பாருங்கள்! மார்கழிக் குளிர், விடியாத நேரம், திருச்சி நெடுஞ்சாலையில் தொழுதூர் தாண்டி, ரஞ்சன்குடிக் கோட்டை மதில் இருட்டில் கறுப்பாய் எழும்பி நிற்கிறது, பின் சீட்டிலிருந்து என் பெண் போனில் ஒரு தட்டு தட்டுகிறாள், பதினைந்து லிட்டர் கீசர் சூடாக அரை மணி நேரம் போதும், நாங்கள் போய்ச் சேர்ந்து பூட்டைத் திறக்கும்போது முற்றத்து விளக்கு எரிகிறது, கூடத்தில் இளையராஜா பாடுகிறார், குழாயைத் திருகினால் ஆவி பறக்க வெந்நீர்! பூட்டிக் கிடந்த வீடு “வாங்கப்பா” என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒரு கீசருக்கா என்று கேட்டாள் மனைவி. ஆமாம், கீசருக்குத்தான்!

இதைவிடப் பெரிய விஷயம் வெங்காயப் பட்டறை. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன சீமை எங்களுடையது. நல்ல விலை வரும்வரை பட்டறை போட்டுக் காப்பது வழக்கம், காற்றில் ஈரம் ஏறினால் அழுகல் விழும். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஈரப்பத சென்சாரைப் பட்டறை மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டேன். அளவு கூடினால் என் ஆபீஸ் மேஜையில் போன் கத்தும், நான் ஊருக்குக் கத்துவேன், “சித்தப்பா, மழை விட்டாச்சுல்ல, தார்ப்பாயை விலக்கிவிடுங்க!”

கேள்விப்பட்ட அரியலூர் மாமா சும்மா இருப்பாரா? திருமானூர்ப் பக்கத்து வீட்டு மாடியில் சோலார் கேமரா ஒன்று மாட்டிக்கொண்டார். திருட்டுக்குப் பயந்து அல்ல, கரைவெட்டி ஏரிக்குப் போகிற பறவைகளைப் பார்க்க! 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி அது; இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிற இடம். விடியலில் மாமா அனுப்புகிற வீடியோவில் வானம் முழுக்கச் சிறகு. அதை மீட்டிங்கிலும் பார்க்கிறேன், வெட்கமே இல்லை.

மழைநாளில் சிக்னல் கொஞ்சம் படுத்தும். படுத்தட்டுமே!

ஊரில் வீடும் கிணறும் வைத்திருப்பவர்களே, முதலில் மொபைல் ஸ்டார்ட்டர் போடுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்குப் பாதி விலை வரை வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த அலுவலகத்தில் ஒரு எட்டு விசாரித்துவிட்டு வாருங்கள்.