எண்ணெயைக் காய்ச்சியது யார்? சூலியா தெருவில் ஓர் அலிபாபா



அலிபாபா கதை தெரியாதவங்க நம்மில் யாரும் இல்லை. இருந்தாலும் ஒரு சின்னக் கேள்வி. புத்தகத்தைப் புரட்டாமல் சொல்லுங்கள்: நாற்பது திருடர்களை ஒழித்தது யார்? வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் "அலிபாபாதான் சார்" என்பார்கள். கதைப்படி அலிபாபா ஒரு திருடனைக்கூடத் தொடவில்லை. திருடர்கள் வீட்டுக்குள் வந்திருந்த அந்த இரவில் அவன் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

இதை நினைவுபடுத்தக் காரணம், அண்மையில் பினாங்கு சூலியா தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் பார்த்த நாடகம். இளைஞர்கள் சிலரும் இடைநிலைப்பள்ளி மாணவர்களும் சேர்ந்து போட்டது. குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. முதல் தடவை மேடை ஏறிய பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் குறை கூறுவது நம் வேலையல்ல. குறைகூட அவர்களுடையது மட்டுமல்ல, நாம் எல்லாருமே செய்துவருவது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மேடை கிடையாது. பாய் விரித்துப் பிள்ளைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால். கீழே சாப்பாட்டுக் கடைகளின் சத்தமும் மோட்டார் சத்தமும் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தன. நடிகர்கள் ஆறே பேர்தான் நாற்பது திருடர்கள். திரைக்குப் பின்னால் ஓடித் தலைப்பாகையை மாற்றிக்கொண்டு மறுபடி முன்னால் வந்தார்கள். முன்வரிசையில் ஒரு பையன் விடாமல் எண்ணினான். முப்பத்தெட்டில் யாரோ தடுக்கி விழ, எண்ணிக்கை குழம்பிப்போய் அரங்கமே சிரித்தது. காசு செலவழித்துப் போடும் எந்தக் காட்சியமைப்பும் இதைத் தந்திருக்காது.

குகைக் காட்சி இன்னும் நன்று. கதவைத் திறக்கும் அந்தச் சொல் 'சீசேம்'. அது வேறொன்றுமில்லை, எள். கதையில் காசிம் தங்கத்தைப் பார்த்த மயக்கத்தில் எள்ளை மறந்துவிட்டு, பார்லி, அது இது என்று வேறு தானியங்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லித் தவிக்கிறான். நம்மவர்கள் பலர் அதைப் பொருளற்ற மந்திரமாக மாற்றிவிடுவதால் இந்த நகைச்சுவை காணாமல் போகிறது. இந்தக் குழு மாற்றவில்லை. "எள்ளே, திற!" என்றுதான் வைத்திருந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட காசிம் "அரிசியே திற! உளுந்தே திற! பச்சைப்பயறே திற!" என்று அலற, பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் "எள்ளு! எள்ளு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். காசிமுக்குக் கேட்கவில்லை. திருடர்கள் வந்துவிட்டார்கள். விளக்கு அணைந்ததும் விழுந்த அமைதி இருக்கிறதே! தாங்கள் இன்னும் உரக்கக் கத்தியிருக்கலாமோ என்று சில முகங்களில் தெரிந்தது. உணவகப் பலகையில் பார்க்கும் சாதாரணத் தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டே இதைச் செய்திருக்கிறார்கள் என்பதைத் தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

இடைவேளைக்குப் பிறகுதான் எனக்கு மனத்தாங்கல்.

மார்ஜியானாவாக நடித்தவர் படிவம் 4 மாணவி. நல்ல குரல், தெளிவான உச்சரிப்பு. அவருக்குக் கொடுத்தது என்ன? ஒரு சினிமாப் பாட்டுக்கு நடனம், குடத்தோடு இரண்டு தடவை நடை, "எஜமான், ஆபத்து!" என்று ஓர் ஓட்டம். நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களுக்குள் திருடர்கள் ஒளிந்திருப்பதை அவர் கண்டுபிடித்து ஓடிப்போய் அலிபாபாவை எழுப்புகிறார். அலிபாபா கதாநாயக நடை நடந்து வந்து எண்ணெயை ஊற்றுகிறார். பலத்த கைதட்டல். நான் தட்டவில்லை.

முடிந்ததும் இயக்கிய தம்பியிடம் கேட்டேன். "ஹீரோ ஒண்ணுமே செய்யாம படுத்துத் தூங்கினா பார்க்கிறவங்க ஒத்துக்குவாங்களா, சார்?" என்றார். நியாயமான கேள்விதான். பதிலைக் கதையே வைத்திருக்கிறது.

அலாவுதீனும் அலிபாபாவும் பழைய அரபுக் கையெழுத்துப் படிகளில் இல்லாத கதைகள். அலெப்போவிலிருந்து பாரிசுக்குப் போன ஹன்னா தியாப் என்ற இளைஞர் 1709இல் வாய்மொழியாகச் சொல்ல, அந்துவான் கலான் என்ற பிரெஞ்சுக்காரர் குறித்துக்கொண்டு தம் 'ஆயிரத்தோர் இரவுகள்' மொழிபெயர்ப்பில் சேர்த்தார். அவர் வைத்த முழுத் தலைப்பின் பொருள் இது: அலிபாபாவும், ஓர் அடிமைப் பெண்ணால் ஒழிக்கப்பட்ட நாற்பது திருடர்களும். தலைப்பிலேயே இருந்தவளைத்தான் காலம் வெட்டிவிட்டது.

கணக்கும் சரியாக வருகிறது. திருடன் வாசலில் சுண்ணக்கட்டியால் அடையாளம் போட, அவள் அக்கம்பக்கத்து வாசல்களிலும் அதையே போட்டுவிடுகிறாள். வெள்ளைக்கு வெள்ளை, சிவப்புக்குச் சிவப்பு. ஏமாந்துபோன இரண்டு பேரைத் திருடர் கூட்டமே கொல்கிறது. தோல் சாடிகளில் 37 பேர். கடைசியில் தலைவன். ஆக நாற்பது. இதில் அலிபாபாவின் பங்கு பூஜ்யம்.

நாடகமாக்குகிறவர்கள் சாடிக் காட்சியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சமையலறை விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிடுகிறது. வியாபாரியின் சாடியிலிருந்து கொஞ்சம் எடுக்கலாமென்று மார்ஜியானா இருட்டில் போகிறாள். சாடிக்குள்ளிருந்து ஒரு குரல், "நேரமாச்சா?" என்கிறது. அலறியிருந்தால் வீடே செத்தது. அவள் அலறவில்லை. தலைவன் பேசுவதுபோல "இன்னும் இல்லை, பொறு" என்கிறாள். அடுத்த சாடிக்கும் அதே பதில், அதற்கடுத்ததற்கும் அதே பதில். நம் குழு இந்த இடத்தைத் தூக்கிவிட்டு ஓர் ஓட்டத்தை வைத்தது. நாடகத்தில் ஒருவர் முடிவெடுக்கும் கணத்தைத்தான் நாம் பார்க்க வருகிறோம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது உடையலங்காரம்.

உப்பும் போய்விட்டது. மாறுவேடத்தில் விருந்துக்கு வரும் தலைவன், உப்புப் போட்ட உணவு வேண்டாம் என்கிறான். உப்பைத் தின்றுவிட்டு அந்த வீட்டுக்காரனைக் கொல்லக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும். அந்த ஒரு சொல்லில்தான் மார்ஜியானாவுக்குச் சந்தேகம் வருகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாமே! கோரமண்டல் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கி நிற்கும் தெருவில், நாகூர் தர்காவுக்குக் கூப்பிடு தூரத்தில், இந்தக் காட்சியை வெட்டியது எனக்கு ரொம்பவே வருத்தம். அந்த உப்பில்லாமல், கத்தி நடனம் வெறும் நடனமாகிவிட்டது.

எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்? இந்தக் கதைகள் பினாங்கு மேடைக்குப் புதிதல்ல. 1870களில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் பாதிப்பில்தான் இங்கே பங்சாவான் பிறந்தது. மாமாக் புஷியின் குழு 1885இல் தொடங்கியது. அரபுக் கதைகள் பங்சாவானின் முக்கியச் சரக்கு. 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வண்ணத்தில் வந்தது. எம்.ஜி.ஆர். நாயகன் என்றால் அவர் தூங்க முடியாது. அங்கே அது சரி. பானுமதி காதலி ஆனார். 1961இல் பினாங்கில் பிறந்த பி. ரம்லி அதே கதையைக் கேலிச்சித்திரமாக்கினார். அவரவர் ஊடகத்துக்கு அவரவர் காரணம் உண்டு. மாடியில் பாய் விரித்து நடத்தும் நாடகத்துக்கு நட்சத்திர நாயகன் எதற்கு?

சில ஆசிரியர்கள் கேட்பார்கள்: ஏழு வயதுப் பிள்ளைகள் முன் கொதிக்கும் எண்ணெயா? எனக்கும் தயக்கம் உண்டு. நானாக இருந்தால் ஊற்றுவதைக் காட்ட மாட்டேன். அடுப்புச் சத்தம் போதும், பிறகு ஒவ்வொரு சாடியாக அமைதியாவது போதும். ஆனால் கொடுமையாக இருக்கிறது என்று அவள் கையிலிருந்து பிடுங்கி அவன் கையில் கொடுப்பதால் கொடுமை குறைவதில்லை. அவள் அடிமை என்பதையும் மறைக்க வேண்டாம். தன்னை அடிமையாக வைத்திருப்பவனை அவள் காப்பாற்றுகிறாள். அவள் தலைவனைக் குத்தியதும் அலிபாபா முதலில் அவளைத்தான் திட்டுகிறான். மேல்நிலை வகுப்பில் ஒரு பாட நேரம் முழுக்கப் பேசலாம்.

மாணவர்களே, உங்களுக்கு ஒன்று. நாடகத்தில் பாத்திரப் படைப்பை எழுதச் சொன்னால் 'புத்திசாலி, விசுவாசமானவள், துணிச்சல்மிக்கவள்' என்று அடைமொழிகளை அடுக்கிவிட்டுப் போகாதீர்கள். எந்தக் காட்சியில், என்ன ஆபத்து, வேறு என்ன செய்திருக்கலாம், எதைத் தேர்ந்தெடுத்தாள் என்று எழுதுங்கள். தலைப்பில் பெயர் இருப்பவர்தான் முதன்மைப் பாத்திரம் என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

இயக்குநர் தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடி போடும்போது சாடிக் காட்சியைச் சேர்க்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். மார்ஜியானாவாக நடித்த பிள்ளை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பையன்கள் பீப்பாய்களை மாடிப்படியில் உருட்டி இறக்க, ஒன்றுக்குள் புகுந்துகொண்ட வாண்டு ஒருவன் "நேரமாச்சாக்கா?" என்று கத்தினான்.

அந்தப் பிள்ளை குரலைத் தாழ்த்தி, ஆண் குரலில், "இன்னும் இல்லை" என்றார்.