போர் வருமுன் நகைத்தவர்கள்: ‘18வது அட்சக்கோடு’ பற்றி ஒரு நோக்கு

1991ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள். குவைத்தை விட்டு வெளியேறும்படி ஈராக்குக்கு ஐக்கிய நாடுகள் சபை விதித்திருந்த கெடு, அம்மாதம் 15ஆம் நாளோடு முடிவடைய இருந்தது. இறையியல் மாணவனாயிருந்த நான் பொங்கல் விடுமுறைக்குக் கரிவலம்வந்தநல்லூருக்கு வந்திருந்தேன். அங்கு ஒரு வீட்டு முற்றத்தில் நடந்த ஜெபக்கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் துணியில் வரைந்த படமொன்றைத் தொங்கவிட்டு, பாபிலோன் எது, வடதிசை ராஜா யார், இஸ்ரவேலின்மேல் வரும் போர் எத்தனையாவது முத்திரை என்று கோல்கொண்டு காட்டி விளக்கினார். முடிவு சமீபம் என்று அவர் சொல்லி முடித்தபோது, முன்வரிசையிலிருந்த வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், “ஐயா, உலகம் முடியறது இருக்கட்டும், நான் கட்டுற சீட்டு மாசியில முடியுது. அதுக்கப்புறம் முடிஞ்சாத் தேவலை” என்றார். கூட்டம் சிரித்தது. பிரசங்கியார், கடைசி நாட்களில் பரியாசக்காரர் எழும்புவர் என்னும் பேதுருவின் எச்சரிப்பை நினைவூட்டி அவரைக் கடிந்துகொண்டார். அது நியாயமான கண்டிப்பு என்றே எனக்கும் அன்று தோன்றியது. அந்த அம்மையாரின் மகன் அவ்வேளையில் சவூதி அரேபியாவில் கூலி வேலையிலிருந்தான் என்பதை அங்கிருந்த அனைவரும் அறிந்திருந்தோம்.

போரை எதிர்நோக்கும் மக்கள் ஏன் சிரிக்கிறார்கள்? அச்சிரிப்பு அவிசுவாசமா, அசட்டையா, அல்லது வேறொன்றா? இவ்வினாவை எனக்குத் தெளிவாக்கியது ஓர் இறையியல் நூலன்று. ஒரு தமிழ் நாவல். அசோகமித்திரன் எழுதி 1977இல் வெளிவந்த ‘18வது அட்சக்கோடு’ என்னும் அந்நாவலைத் திருப்பணியாளர்களும் இறையியல் மாணவர்களும் ஏன் கற்க வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதோடு, அந்நாவல் நம்மை விட்டுவிடுகிற இடத்தில் நாம் நின்றுவிடலாகாது என்பதையும் கூற விழைகிறேன்.

காத்திருப்பும் நகைப்பும்

போருக்காகக் காத்திருப்பது தமிழருக்குப் புதிதன்று. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியக் கப்பலாகிய எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்துச் சென்றது. அக்கப்பல் மீண்டும் வரும் என்ற அச்சத்தால் மக்கள் நகரைவிட்டு ஓடினர். கப்பல் திரும்ப வரவில்லை. அதன் பெயரோ மொழியில் தங்கிவிட்டது. கெட்டிக்காரனையும் கண்டிப்பானவனையும் ‘அவன் சரியான எம்டன்’ என்று இன்றளவும் சொல்கிறோம். தம்மை நடுங்கவைத்த கப்பலை வீட்டுப் பெரியவருக்குப் பட்டப்பெயராக்கி அச்சத்தை அடக்கிய மக்கள் நம் முன்னோர்.

1942இல் காத்திருப்பு மேலும் கடுமையாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 5, உயிர்த்தெழுதல் திருநாளன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. அடுத்தது சென்னையே என்று எண்ணிய மக்கள் கிடைத்த ரயிலில் ஏறி ஊர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். குண்டு விழுந்தால் கூண்டுடைத்து வெளிவரக்கூடும் என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. எதிரி வருமுன்னே சிங்கத்தையும் புலியையும் சுட்ட கதையைச் சொல்லும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரிவதில்லை. காத்திருப்போரின் நகைச்சுவைக்கு இதுவே இயல்பு. அது அச்சத்துக்கு மாறானதன்று, அச்சத்தின் மறுபக்கம்.

இன்றைய இஸ்ரேல் நாட்டாரும் இதனை நன்கறிந்தவர்கள். 1967 மே மாதத்தின் நடுவிலிருந்து ஜூன் 5 வரை நீடித்த மூன்று வாரங்களை அவர்கள் ‘காத்திருப்புக் காலம்’ என்றே அழைக்கின்றனர். ஆடவர் படைக்கு அழைக்கப்பட்டனர். டெல் அவிவ் நகரப் பூங்காக்கள், தேவைப்பட்டால் கல்லறை நிலமாகும்படி ஒதுக்கப்பட்டன. ‘லோத் விமான நிலையத்தை விட்டுக் கடைசியாகப் புறப்படுகிறவர் தயவுசெய்து விளக்கை அணைத்துவிட்டுச் செல்லவும்’ என்ற வேடிக்கைப் பேச்சு, அதற்கு முந்தின பொருளாதார நெருக்கடியில் பிறந்து அந்நாட்களிலும் வழங்கியது. நம் பிரசங்கங்களில் வரும் ‘இஸ்ரவேல்’ ஒரு தீர்க்கதரிசன அடையாளம் மட்டுமே. இப்படிப் பேசிச் சிரித்தவர்களோ, பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கி வைத்துவிட்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்த மனிதர்கள். எல்லைக்கு அப்பாலிருந்த அரபு மக்களும் அவ்வாறே காத்திருந்தனர் என்பதை நாம் அதனினும் விரைவாக மறந்துவிடுகிறோம்.

நாவலின் உலகம்

‘18வது அட்சக்கோடு’ காட்டும் காத்திருப்பு ஐதராபாத் சமஸ்தானத்துக்குரியது. 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றபின்னும் நிஜாம் இந்தியாவோடு இணைய மறுத்தார். அவ்வாண்டு நவம்பரில் செய்துகொள்ளப்பட்ட ஓராண்டுத் தற்கால ஒப்பந்தம் எதையும் தீர்த்துவைக்கவில்லை. ஒருபுறம் ரஜாக்கர்களின் வன்முறை. மறுபுறம் எல்லையில் இந்தியப் படை. 1948 செப்டம்பர் 13இல் படை நுழைந்தது. 17இல் நிஜாம் பணிந்தார். இவ்வாறு நடந்த போருக்கு அரசு இட்ட பெயர் ‘போலீஸ் நடவடிக்கை’. இப்பெயரிலேயே ஒரு கசப்பான நகைச்சுவை இருக்கிறது.

இவ்வரலாற்றை ஆசிரியர் வீரர்களின் வழியாகவோ தலைவர்களின் வழியாகவோ சொல்லவில்லை. செகந்திராபாதில் ரயில்வே ஊழியர் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பத்து மாணவன் சந்திரசேகரனின் வழியாகச் சொல்கிறார். அவனுக்குக் கிரிக்கெட் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, முஸ்லிம்களும் ஆங்கிலோ இந்தியருமான அண்டைவீட்டார் இருக்கிறார்கள். சமஸ்தானத்தின் எதிர்காலம் ஊசலாடும்போது அவன் மனம் அன்றாட வாழ்வின் சிறு கவலைகளையே சுற்றி வருகிறது. ஆசிரியர் இதை இடித்துரைப்பதுமில்லை, போற்றுவதுமில்லை. அவருடைய நகைச்சுவை துணுக்குகளில் இல்லை. பெரிய வரலாற்றுக்கும் சிறிய மனிதனுக்கும் இடையிலுள்ள அளவுப் பொருத்தமின்மையில் இருக்கிறது. வாசகன் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. தன்னைத் தானே அங்கு கண்டுகொண்டு புன்னகை செய்கிறான்.

நாவலின் நடை இதற்கு உதவுகிறது. கதை சில பகுதிகளில் சந்திரசேகரனே ‘நான்’ என்று சொல்வதாகவும், சில பகுதிகளில் பிறர் அவனைப் பற்றிச் சொல்வதாகவும் மாறிமாறி வருகிறது. போரை எதிர்நோக்கும் மனிதனும் இவ்வாறே இரண்டாகப் பிரிந்திருக்கிறான். ஒரு கணம் தன் வாழ்வை வாழ்கிறான். மறுகணம் வெளியே நின்று, ‘இப்படி ஒருவன் இந்நேரத்தில் பந்து விளையாடிக்கொண்டிருக்கிறானே’ என்று தன்னையே பார்க்கிறான். தன்னைத் தள்ளிநின்று பார்க்கத் தெரிந்தவனுக்கே இவ்வகை நகைச்சுவை வாய்க்கும்.

சிரிப்பு நின்றுபோகும் இடம்

திருமறையும் இதை அறியும். 2 இராஜாக்கள் 6, 7 அதிகாரங்களில் சமாரியா முற்றுகையிடப்பட்டிருக்கிறது. நகர வாசலில் நான்கு குஷ்டரோகிகள் தங்களுக்குள் கணக்குப் போடுகின்றனர்: நகருக்குள் போனால் பஞ்சத்தால் சாவு, இங்கேயே இருந்தாலும் சாவு, எதிரியின் பாளயத்துக்குப் போனால் மிஞ்சிப் போனால் அதே சாவு; ஆகவே போய்ப் பார்ப்போம். இதனினும் கறுத்த நகைச்சுவையை நான் எங்கும் வாசித்ததில்லை. நற்செய்தியை அந்நகருக்கு முதலில் கொண்டுவந்தவர்களும் அவர்களே என்பது சிந்திக்கத்தக்கது. எருசலேமை பாபிலோனியப் படை சூழ்ந்திருக்க, காவற்கூடத்தின் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா, 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிய செயலும் (எரேமியா 32) பார்த்தவர்களுக்கு நகைப்பையே தந்திருக்கும். மாசியில் முடியும் சீட்டைப் பற்றி அந்த அம்மையார் பேசியதும் இவ்வகையைச் சேர்ந்ததே. நாளையும் வாழ்வு உண்டு என்று அன்றாடச் செயலால் அறிக்கையிடுவது அது. நாம் அதைப் பரியாசம் என்று தவறாகப் படித்தோம்.

ஆயினும் அதே சமாரியாவில், குஷ்டரோகிகளின் கதைக்கு முன்னே, மதிலின்மேல் நடந்துசெல்லும் அரசனிடம் ஒரு பெண் முறையிடுகிறாள். பசியால் தன் பிள்ளைக்கு நேர்ந்ததை அவள் சொல்லக் கேட்ட அரசன் தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்கிறான். உள்ளே அவன் உடுத்தியிருந்த இரட்டு வெளித்தெரிகிறது. அவ்விடத்தில் எவரும் நகைக்க முடியாது. காத்திருப்போரின் நகைச்சுவைக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையில் நிற்பது பிறருடைய துன்பம்.

அசோகமித்திரனின் நாவலும் அவ்வெல்லையில் வந்தே முடிகிறது. இந்தியப் படை வெற்றி பெறுகிறது, காத்திருப்பு தீர்கிறது. ஆனால் கலவரம் முஸ்லிம் குடும்பங்கள்மீது திரும்புகிறது. கலவரத்தினூடே ஒரு வீட்டுக்குள் புகுந்துவிடும் சந்திரசேகரன்முன், தன் குடும்பத்தாரைக் காப்பாற்றும் பொருட்டு ஓர் இளம்பெண் தன் ஆடையைக் களைந்து நிற்கிறாள். அவன் வெட்கத்தாலும் அருவருப்பாலும் தாக்குண்டு ஓடுகிறான். எவருக்கும் தீங்கெண்ணாத, கிரிக்கெட் பிரியனான அவன், அவள் கண்ணில் வென்ற கூட்டத்தில் ஒருவன். அதுவரை அவன் வழியாகப் புன்னகை செய்துகொண்டிருந்த வாசகனும் அவ்வீட்டுக்குள் அகப்பட்டுக்கொள்கிறான். இது கற்பனையின் மிகையன்று. இந்திய அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு, அந்நடவடிக்கையின்போதும் அதன் பின்னும் மாண்டவர்கள் குறைந்த மதிப்பீட்டிலேயே 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று கணித்தது. அவ்வறிக்கை பல்லாண்டுகள் வெளியிடப்படாமலே இருந்தது. நாவலோ 1977லேயே ஒரு பெண்ணின் உருவில் அவ்வுண்மையைச் சொல்லிவிட்டது.

ஒரு குறை

நாவலின் பெருமையைச் சொன்ன நான் அதன் குறையென எனக்குப் படுவதையும் சொல்ல வேண்டும். சந்திரசேகரனின் காத்திருப்பை முழுமையாக அறிந்த நாம், அப்பெண்ணின் காத்திருப்பைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் அறியவில்லை. அவ்வீட்டிலும் சமைத்திருப்பார்கள்; சண்டையிட்டிருப்பார்கள்; படை வருமா என்று பேசி ஏதோ சொல்லிச் சிரித்துமிருப்பார்கள். அச்சிரிப்பு நூலில் இல்லை. அவள் கதாநாயகனின் மனச்சாட்சியை எழுப்பும் கருவியாக நின்றுவிடுகிறாள். அவன் ஓடியபின் அவளுக்கு என்ன நேர்ந்தது? நாவலாசிரியர் அவனோடு ஓடுகிறார். வீட்டுக்குள் எவரும் தங்கவில்லை. உள்ளிருந்து எழுதத் தமக்கு உரிமையில்லை என்று அவர் எண்ணியிருக்கலாம். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் வெட்கம் மனந்திரும்புதலின் தொடக்கமேயன்றி நிறைவன்று. கலைஞன் ஓட்டத்தோடு நிறுத்தலாம். ஆயன் திரும்பிச் செல்லக் கடமைப்பட்டவன்.

இதிலிருந்து நம் அருளுரைக்குக் கிடைக்கும் பாடம் எளியது. மத்தேயு 24இல் நம் ஆண்டவர் நோவாவின் காலத்தைக் குறிப்பிடும்போது புசித்ததையும் குடித்ததையும் பெண் கொண்டதையும் கொடுத்ததையும் குற்றமாகச் சாட்டவில்லை, உணராதிருந்ததையே சுட்டுகிறார். உணராதிருப்பது, சீட்டுக் கட்டும் ஏழைத் தாயிடத்தில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தொலைதேசத்துப் போரைப் படத்தில் வைத்துக் கோலால் காட்டும் போதகரிடத்திலும் இருக்கலாம். எந்த நாட்டுப் போர்ச்செய்தி வந்தாலும் அது எத்தனையாவது அடையாளம் என்று கணக்கிடுமுன், இருபுறத்திலும் இன்றிரவு எந்தத் தாய் அடுப்பு மூட்டியிருக்கிறாள் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். அவள் சொல்லும் வேடிக்கைப் பேச்சைக் கேட்டு அதனுள்ளிருக்கும் விண்ணப்பத்தை உணரும் செவியும் வேண்டும். இறையியற் கல்லூரிகளில் இந்நாவலை வாசிக்கச் செய்தால் அச்செவி சற்றே திறக்கும் என நம்புகிறேன்.

1991இல் அந்த முற்றத்தில் முடிவு காலத்துக்காக நெடுநேரம் ஜெபித்தோம். ஜெபம் முடிந்து படத்தைச் சுருட்டிக் கட்ட நானும் உதவினேன். அந்த அம்மையாரின் மகனுடைய பெயரை நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.