ஏட்டைக் கண்டேன் என்று எழுதலாமா?

அண்மையில் அரபுத்துறை ஆய்வேடு ஒன்றை மதிப்பிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. திருக்குர்ஆனின் மிகப் பழைய தோற்சுவடிகளில் ‘ரஸ்ம்’ எனப்படும் எழுத்தமைதி எவ்வாறு உள்ளது என்பதே அதன் பொருள். அடிக்குறிப்புகளில் பாரிஸ் தேசிய நூலகத்தின் ‘அரபு 328’ என்னும் சுவடி மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. ஏட்டை நேரில் கையாண்டவர் எழுதும் தோரணை. வாய்மொழித் தேர்வில் வினவியபோது, அம்மாணவரிடம் கடவுச்சீட்டே இல்லை என்பது தெரியவந்தது. அவர் கண்டவை, அந்நூலகம் ‘காலிக்கா’ என்னும் தன் இணையப் பட நூலகத்தில் வைத்திருக்கும் படங்கள்.

படத்தைப் பார்த்து எழுதியதை நான் குறை கூறவில்லை. நாங்கள் எம்.ஏ. பயின்ற காலத்தில் இத்தகைய ஏடுகளைப் பற்றி நூல்களில் வாசித்தோமே அன்றி, ஒன்றின் நிழலைக்கூடக் கண்டதில்லை. இன்று பாரிஸிலும் பெர்லினிலும் பர்மிங்ஹாமிலும் உள்ள ஏடுகளை ஒரு சிற்றூர் மாணவர் நள்ளிரவில் தம் மேசைமேல் விரித்துப் பார்க்கிறார். அல்ஹம்துலில்லாஹ், இது பெரும் பேறு. என் ஆட்சேபம் வேறு.

‘அரபு 328’ என்பது ஒரே சுவடி அன்று. வெவ்வேறு முஷஃபுகளிலிருந்து எஞ்சிய ஏடுகளை நூலகத்தார் ஒரே எண்ணின் கீழ்ச் சேர்த்துவைத்த தொகுப்பு அது. முதல் 70 ஏடுகள் ஒரு முஷஃபைச் சேர்ந்தவை. அந்த முஷஃபை மட்டுமே ஐந்து எழுத்தர்கள் பகிர்ந்து எழுதியுள்ளனர் என்று பிரெஞ்சு அறிஞர் ஃபிரான்சுவா தெரோஷ் நிறுவியுள்ளார். 71 முதல் 86 வரையுள்ள 16 ஏடுகள் முற்றிலும் வேறொரு முஷஃபின் எச்சம். நம் மாணவரோ இவை அனைத்திலும் ‘கால’ என்னும் சொல் எத்தனை இடங்களில் அலிஃப் இன்றி எழுதப்பட்டுள்ளது என்று எண்ணி, கூட்டி, “இச்சுவடியின் எழுத்தருடைய வழக்கம்” என்று முடிவுகட்டிவிட்டார். திரையில் படங்கள் ஒரே நூலின் பக்கங்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவரும் ஒரே நூலாகவே படித்துவிட்டார். நூலகத்தின் விவரக் குறிப்பை ஒரு முறை வாசித்திருந்தால் ஓர் அதிகாரம் முழுவதும் தப்பியிருக்கும்.

மாணவரை மட்டும் நோவதில் பயனில்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மிங்கானா தொகுப்பில் 1572 என்னும் எண்ணில் ஒன்பது ஏடுகள் நெடுங்காலம் ஒன்றாகவே கட்டப்பட்டுக் கிடந்தன. அவற்றுள் இரண்டு ஏடுகள் மற்ற ஏழோடு சேர்ந்தவை அல்ல என்பதை ஆல்பா ஃபெடெலி என்னும் ஆய்வாளர் தம் முனைவர் பட்ட ஆய்வின்போது கண்டறிந்தார். அந்த இரண்டு ஏடுகளின் தோல் கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்ற கரிமச் சோதனை முடிவு 2015 ஜூலையில் வெளிவந்தது. நம் மேடைகளிலும் ஏடுகளிலும் அன்று எழுந்த ஆரவாரம் நினைவிருக்கும். சோதிக்கப்பட்டது தோல், மை அன்று என்பதைச் சொன்னவர் சிலரே. படங்களைத் திறந்து ஒரு வரியேனும் வாசித்தவர் அவரினும் சிலர்.

அந்த இரு ஏடுகளும் பாரிஸின் அந்தப் 16 ஏடுகளும் ஒரே முஷஃபைச் சேர்ந்தவை என்று அறிஞர் கருதுகின்றனர். பர்மிங்ஹாம் ஏடு தாஹா சூராவின் 40ஆம் வசனத்தில் நிற்கிறது. பாரிஸ் ஏடு அதே சூராவின் 99ஆம் வசனத்திலிருந்து தொடர்கிறது. இடையே 58 வசனங்கள் இல்லை. இரண்டு நாடுகளின் படங்களை அருகருகே வைத்து, எழுத்தின் சாய்வையும் வரிகளின் இடைவெளியையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு நான் வகுப்பில் கூறுவதுண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் கற்பதை என் பத்து விரிவுரைகள் தரமாட்டா. பட நூலகம் பாடத்திற்கு உதவுவது இப்படித்தான். பாடத்தின் ஓரத்தில் அலங்காரமாக ஒரு படத்தை ஒட்டிவைப்பதால் அன்று.

படத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானிய அறிஞர் பெர்க்ஷ்ட்ரேஸர் பழைய முஷஃபுகளைப் புகைப்படச் சுருள்களில் சேகரித்து வந்தார். 1933இல் மலையேற்றத்தின்போது அவர் இறந்தார். பணியைத் தொடர்ந்த பிரெட்ஸல் 1941இல் விமான விபத்தில் மாண்டார். 1944இல் மியூனிக் நகரின் மீது குண்டுகள் வீழ்ந்தபோது அந்தச் சுருள்களும் அழிந்தன என்று அவற்றின் பொறுப்பாளர் ஷ்பிட்டாலர் கூறிவந்தார். உண்மையில் சுமார் 450 சுருள்கள் அவரிடமே இருந்தன! அரை நூற்றாண்டுக்குப் பின்னரே அவை ஆஞ்சலிகா நோய்விர்த்திடம் வந்து சேர்ந்தன. 2007இல் பெர்லினில் தொடங்கிய ‘கார்ப்பஸ் கொரானிகம்’ திட்டத்தின் வழியே இன்று அப்படங்களை நாமும் காண்கிறோம். ஆனால் அவை கறுப்பு வெள்ளைப் படங்கள். பிற்காலத்தார் உயிரெழுத்துக் குறிகளாக இட்ட சிவப்புப் புள்ளிகள் அவற்றில் சாம்பல் நிறமாகவே தெரியும். இதை அறியாதவர் பிற்காலத்துப் புள்ளியையும் முதல் எழுத்தரின் கணக்கில் எழுதிவிடுவார்.

வண்ணப் படங்களும் நம் கையில் உறுதியாக இருப்பவை அல்ல. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது, அதன் சுவடிப் படங்கள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. எந்த நாளில் எந்தப் படத்தைக் கண்டோம் என்று குறித்துவைக்காதவர் தம் சான்றையே இழந்து நின்றார்.

நமக்கு இதில் புதிய இலக்கணம் தேவையில்லை. ஹதீஸ் கலையைப் பயின்றவர் அறிவர்: ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ், அறிவிப்பைப் பெறும் எட்டு வழிகளை வரிசைப்படுத்துகையில் ‘விஜாதா’வை இறுதியில் வைத்தார். ஆசிரியரிடம் கேளாமலும் அனுமதி பெறாமலும் அவரது எழுத்தைக் கண்டெடுப்பதே விஜாதா. அப்படிக் கண்டவர் “ஹத்தஸனா” என்று கூறலாகாது. “இன்னாரின் கையெழுத்தில் கண்டேன்” என்றே கூற வேண்டும். கையெழுத்து அவருடையதுதான் என்ற உறுதி இல்லையெனில் அதற்கும் வேறு சொல் உண்டு. விஜாதாவை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. கிடைத்த வழியை மறைப்பதையே ஏற்கவில்லை. படத்தில் கண்டதை ஏட்டில் கண்டதாக எழுதுவது, விஜாதாவை ‘ஸமாஉ’ என்று உயர்த்திச் சொல்வதற்கு ஒப்பாகும். மத்ரஸாவில் ஏழாண்டுகள் இப்பாடத்தை ஓதியவர், பல்கலைக்கழகத்தின் வாசலில் காலணியோடு அதையும் கழற்றிவைத்துவிட்டு உள்ளே நுழைவது ஏனென்று எனக்கு விளங்கவில்லை. துறைகளிலும் இதைக் கற்பிக்கும் தாள் ஒன்றை நான் கண்டதில்லை. படங்களைத் தேடி எடுக்கப் பயிற்சி தருகிறார்கள். எடுத்ததை எடைபோடத் தருவதில்லை.

மீண்டும் அந்த ஆய்வேட்டுக்கு வருகிறேன். ஓரிடத்தில் ஒரு வினைச்சொல்லின் முதலெழுத்து ‘தா’வா ‘யா’வா என்பது மேலே தெரியும் ஒரு நுண்கோட்டைப் பொறுத்திருந்தது. மாணவர் அதை ‘தா’வின் குறியாகக் கொண்டு, ஒரு கிராஅத் வேறுபாடு வரை சென்றுவிட்டார். படத்தை இருவரும் பெரிதாக்கிப் பார்த்தோம். கோடாகவும் இருக்கலாம், மறுபக்கத்து மை ஊறித் தெரிவதாகவும் இருக்கலாம். ஏட்டைக் கையில் வைத்திருப்பவர் அதனை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். நாங்கள் அடுத்த படத்தைத் திறந்து, மறுபக்கத்தில் அதே இடத்தைத் தேடினோம். அங்கே ஒரு லாமின் தடித்த தண்டு நின்றது.

ஆய்வேடு திருத்தத்திற்குத் திரும்பிச் சென்றது. எண்ணிக்கை அட்டவணை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அடிக்குறிப்புகளில் ஏட்டெண்ணுடன் ‘படத்தில் கண்டது’ என்ற சொற்களும் பார்த்த நாளும் சேர்ந்தன. கிராஅத் பற்றிய பத்தியை அவர் நீக்கவில்லை, “படத்தில் கோடு போலத் தெரிகிறது, மறுபக்கத்து மையாகவும் இருக்கக்கூடும்” என்று மாற்றி எழுதியிருந்தார். ஏற்றுக்கொண்டு கையொப்பமிட்டேன்.