வண்டின் மார்பகலம்

வெர்னியர் காலிப்பரின் இரண்டு தாடைகளும் ஒரு காண்டாமிருக வண்டின் முன்மார்பை இருபுறமும் தொட்டும் தொடாமலும் நிற்கும் அந்த நொடி இருக்கிறதே, அதற்காகவே விடுமுறை நாள்களையெல்லாம் தென்னந்தோப்பில் கழிக்கலாம். நான் கழிக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் உறவினர்கள் இனக்கவர்ச்சிப் பொறி வாளிகளில் விழும் வண்டுகளை எனக்கென்று எடுத்து வைக்கிறார்கள். அங்கே தேங்காய் உரிக்கும் பெரியவர் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: “ஏந்தம்பி, வண்டுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?”

தோப்புக்காரர்களுக்கு இந்த வண்டு ஜென்மப் பகை. குருத்தைக் குடைந்து உள்ளே போகும். பிறகு ஓலை விரியும்போது முக்கோண வெட்டுகளாகத் தெரியும். 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு சமோவாத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்து, பசிபிக் தென்னைகளையும் ஒரு கை பார்த்த இனம் இது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவே மாட்டேன் என்கிறது. ஒரே வாளியில் விழுந்த வண்டுகளைக் கொட்டிப் பாருங்கள்: கட்டைவிரல் பருமனில் ஒன்று கிடக்கும், அதில் பாதிதான் இருக்கும் இன்னொன்று. புழுப்பருவத்தில் எருக்குழியிலோ மட்கிய தென்னந்தடியிலோ எவ்வளவு தின்றது என்பதைப் பொறுத்து வருகிற வித்தியாசம் இது. கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்தபின் எந்த வண்டும் ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. அதன் குழந்தைப் பருவச் சாப்பாட்டுக் கணக்கு முழுவதும் அந்த ஓட்டில் உறைந்து போயிருக்கிறது!

அந்தக் கணக்கை வாசிக்க எங்கே அளப்பது என்பதில்தான் சுவாரசியமே.

யாரும் முதலில் நினைப்பது தலையிலிருந்து வால்வரை மொத்த நீளம். அதைப்போல நம்பக்கூடாத அளவு வேறில்லை. வண்டு செத்ததும் தலை கொஞ்சம் குனியும், அல்லது நிமிரும். கழுத்து மூட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். வயிறு மென்மையான வளையங்களால் ஆனது. வாளித் தண்ணீரில் ஊறினால் உப்பும், வெயிலில் காய்ந்தால் சுருங்கும். ஒரே வண்டு திங்கட்கிழமை ஒரு நீளம், வெள்ளிக்கிழமை ஒரு நீளம். எடையும் அப்படித்தான். பெண் வண்டாக இருந்தால் முட்டையின் எடையும் சேர்ந்துகொள்ளும்.

முன்மார்புத் தகடு அப்படியில்லை. கொம்புக்குப் பின்னால் பளபளவென்று மேடும் பள்ளமுமாக இருக்கும் அந்த ஒற்றைக் கவசம் இறுகிய ஒரே துண்டு. ஊறினாலும் காய்ந்தாலும் அதன் அகலம் மாறாது. அதிகபட்ச அகலம் எங்கே என்று தேடவும் வேண்டாம், தாடைகள் தாமாகவே அங்கே போய் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு பத்துமுறை அளந்தாலும் கிட்டத்தட்ட அதே எண். சாணவண்டு ஆராய்ச்சியாளர்கள் உடலளவு என்று எழுதும் இடங்களில் பெரும்பாலும் இந்த மார்பகலத்தையே குறிக்கிறார்கள். அவர்களுக்கு என் கும்பிடு.

ஆனால் இதையும் எல்லா வண்டுக்கும் பொருத்திவிட முடியாது. சில இனங்களில் கொம்பு மார்பிலிருந்தே கிளம்புகிறது. அங்கே மார்பை வைத்து உடலை அளந்து, அதே மார்பின் கொம்பை அதோடு ஒப்பிடுவது கள்ளாட்டம். அப்படிப்பட்டவற்றுக்கு இறக்கை உறையின் நீளம் நல்லது: இரண்டு உறைகளும் சேரும் நடுக்கோட்டில், மேலே உள்ள சின்ன முக்கோணத் தகட்டின் நுனியிலிருந்து உறையின் கடைசிவரை. இரண்டு முனைகளும் தெளிவானவை.

முன்னங்காலை நான் தொடுவதில்லை. அதன் வெளிவிளிம்பில் இருக்கும் பற்கள் மண்ணையும் நாரையும் தோண்டித் தோண்டித் தேய்ந்துவிடுகின்றன. அந்தத் தேய்மானத்தை வைத்து வண்டின் வயதை ஊகிக்கலாம், அளவை அல்ல.

கொம்புக்கு வருவோம், என் செல்லத்துக்கு! அது பின்னோக்கி வளைந்திருப்பதால் அடியிலிருந்து நுனிக்கு நேர்கோட்டில் அளப்பதா, வளைவின் மேல் நூலை வைத்து அளப்பதா என்று கேள்வி எழும். நான் நேர்கோடுதான், நூல் நழுவும், கை நடுங்கும். ‘அடி’ என்பது எந்தப் புள்ளி என்று படம் வரைந்து நோட்டில் ஒட்டிவைத்தாக வேண்டும். நுனி மழுங்கிய கொம்புகளை ஒதுக்கியாக வேண்டும். சின்ன ஆணின் கொம்பு பெண்ணுடையதோடு குழம்பும் என்பதால், ஆணா பெண்ணா என்பதைக் கொம்பை வைத்து முடிவு செய்யக்கூடாது. வண்டைத் திருப்பி வயிற்று நுனியைப் பாருங்கள். செம்பழுப்பு மயிர் அடர்ந்திருந்தால் அது பெண்.

இப்போது வரைபடத்தாளில் மார்பகலத்தைக் கிடை அச்சிலும் கொம்பைச் செங்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளி வையுங்கள். இரண்டையும் மடக்கை அளவில் போட்டால் இன்னும் அழகு. உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1932இல் ஒப்பு வளர்ச்சி பற்றிய புத்தகத்தில் போட்ட பாதை இது. கொம்பு உடலை விட வேகமாக நீள்வது கண்முன் ஏறிக்கொண்டே போகும். கொம்பை உடலால் வகுத்து ஒரே விகிதமாக்கிவிட்டால் இந்த ஏற்றம் மறைந்துவிடும். பெரிய வண்டுகள் நிறைந்த தோப்புக்கும் சின்ன வண்டுகள் நிறைந்த தோப்புக்கும் இல்லாத வேற்றுமை இருப்பதாகத் தோன்றும்.

அதற்கும் முன்பே, 1892இல், பேட்சன், பிரிண்ட்லி என்ற உயிரியலாளர்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்த சைலோட்ரூப்பஸ் வண்டின் கொம்புகளை அளந்து அடுக்கினார்கள். ஒரு மேடு வரவேண்டிய இடத்தில் இரண்டு மேடுகள்! நீண்ட கொம்பு ஆண்கள் ஒரு கூட்டம், குட்டைக் கொம்பு ஆண்கள் இன்னொரு கூட்டம், நடுவில் ஆள் குறைவு. அளவுகோல் ஒன்றே கையில் இருந்தவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

அளவு பட்டியலில் கொம்பின் அக்கம்பக்கத்தையும் சேர்க்கச் சொல்வேன். உயிரியலாளர் டக்ளஸ் எம்லன் 2001இல் சாணவண்டுகளில் காட்டியது பிரமாதம்: கொம்பு தலையின் பின்பக்கம் முளைத்தால் கண் சிறுக்கிறது, முன்பக்கம் முளைத்தால் உணர்கொம்பு சிறுக்கிறது, மார்பில் முளைத்தால் இறக்கை சிறுக்கிறது. வளரும் கூட்டுப்புழுவுக்குள் பக்கத்துப் பக்கத்து உறுப்புகள் ஒரே இரைக்கு அடித்துக்கொள்கின்றன. கொம்பை மட்டும் அளந்திருந்தால் இந்தச் சண்டை யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இப்போதெல்லாம் புகைப்படம் எடுத்து, கணினியில் புள்ளிகள் குறித்து உருவத்தையே ஒப்பிடுகிறார்கள். ஜேம்ஸ் ரோல்ஃப் எழுதிய டிபிஎஸ் மென்பொருள் இலவசம். நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வண்டின் முதுகு கூரைபோல் வளைந்தது, படமோ தட்டை. கேமரா சற்றே சாய்ந்தாலும் புள்ளிகள் நகர்ந்துவிடும். என் ஓட்டு காலிப்பருக்கே.

அதனால் தோப்புக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை பொறி வாளியைக் காலி செய்யும்போது ஒரு கை வண்டுகளை எடுத்து வையுங்கள். மார்பகலம், இறக்கை உறை நீளம், கொம்பு ஆகிய மூன்றே அளவு போதும். எல்லாவற்றையும் ஒருமுறை அளந்துவிட்டு, அந்தத் தாளை மூடிவைத்து, மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டு நாள் எண்களும் ஒத்துப்போகும் அளவை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.